பின்சீட்டுக்கு அடியில் இரண்டு தண்ணீர் பாட்டில்

நான் வாங்கிய பழைய ஆம்னி வேனை ஒப்படைத்த அன்று பழைய ஓனர் பின்சீட்டுக்கு அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். மறந்துவிட்டார் போல என்று போன் பண்ணிச் சொன்னேன். "இருக்கட்டும் சார், வழியில உதவும்" என்றார். நல்ல மனுஷன் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அந்தப் பாட்டில்கள் எதற்கு என்று எனக்குப் புரிய பதினான்கு மாதமும் 42,630 ரூபாயும் ஆனது.

2023 ஏப்ரலில் வாங்கிய நாளிலிருந்து 2025 ஜூனில் ஆர்சி புதுப்பித்த நாள் வரை அந்த வண்டிக்குச் செய்த செலவின் கணக்கு இது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. பில்லைத் தூக்கிப் போட மனசு வராது. ஸ்பேர்ஸ் கடையில் பேப்பர் துண்டில் கிறுக்கிக் கொடுத்ததைக்கூட ஃபைலில் குத்தி வைத்திருக்கிறேன். பழைய வேன் வாங்கலாமா, எவ்வளவு செலவு வைக்கும் என்று கேட்கிறவர்களிடம் அந்த ஃபைலைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். மொத்தம் 93,530 ரூபாய். அதில் கிட்டத்தட்ட பாதி வண்டிக்கு வயதானதால் வந்த செலவு. மீதிப் பாதி, ஒரு பழுதைத் தப்பாகச் சரிபண்ணி அடுத்த பழுதைக் கூப்பிட்டுக்கொண்ட செலவு.

வண்டி

காட்பாடியில் நாங்கள் கூட்டுக் குடும்பம். வாரத்தில் ஒருநாள் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். மாசத்துக்கு ஒருமுறை எல்லோருமாகக் குலதெய்வம் கோயில். ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் போகிற பணத்தைக் கூட்டிப் பார்த்ததில் ஒரு பழைய மாருதி வேன் வாங்கினால் தேவலை என்று தோன்றியது. புரோக்கர் காட்டிய நான்கைந்து வண்டிகளில் இது ஒன்று: 2010 மாடல் ஆம்னி, எட்டு சீட், பெட்ரோல், டிஎன் 23 பதிவு, மூன்றாவது ஓனர். விலை 1,05,000.

இந்த வண்டியின் வரலாறு பலருக்குத் தெரிந்ததுதான். 1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது, 1988-இல் ஆம்னி ஆனது, 2019-இல் உற்பத்தி நின்றது. முன்னால் பானெட் கிடையாது. ஓட்டுகிறவரின் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகடுதான். புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த அமைப்பு தாக்குப்பிடிக்காது என்பதால்தான் நிறுத்தினார்கள். இதைத் தெரிந்தேதான் வாங்கினேன். பெங்களூர் ஹைவேயில் இதை எண்பதில் ஓட்டுவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர், மாருதி 800-இல் இருந்த அதே குடும்பம். உற்பத்தி நின்று இத்தனை வருஷம் ஆகியும் குடியாத்தத்தில்கூட ஸ்பேர்ஸ் கிடைப்பதற்கும், கிடைப்பது மலிவாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

வாங்கும்போது நான் பார்த்தது பெயின்ட், சீட் கவர், ஹாரன். கிலோமீட்டர் 78,000 காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து வரிகளே காணாமல் போயிருந்ததையும் பார்த்தேன். 78,000 ஓடிய வண்டியில் அப்படித் தேயாது என்று இப்போது தெரியும். அன்றைக்கு ரப்பர் பழசு என்று மட்டும் நினைத்தேன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லவில்லை. நான் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. "காலைலயே ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தேன் சார்." பழைய வண்டி பார்க்கப் போனால் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போக வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

முதல் வாரத்தில் ஆயில், ஃபில்டர்கள், பிளக், ஃபேன் பெல்ட் 2,900. டயர் நான்கும் மாற்றினேன், 145 ஆர்12 அளவு, 11,600. பேட்டரி 3,800. ஆக 18,300. எந்தப் பழைய வண்டிக்கும் இது இருக்கும் என்று நினைத்து, விலை பேசும்போதே இதை மனசில் கழித்து வைத்திருந்தேன்.

கத்திரி வெயிலில் முதல் கொதிப்பு

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது எங்களுக்குப் பழகிவிட்டது. மே மாசம் 40 டிகிரி தாண்டுவதை இங்கே யாரும் செய்தியாகப் பேசுவதில்லை. அந்த மேயில் ஒருநாள் மதியம் ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் அரைமணி நேரம் நின்றோம். "டேய், சீட்டு சுடுதுடா" என்றார் அம்மா. ஆம்னியில் முன்சீட்டு சுடுவது சகஜம், அடுப்புமேல் உட்கார்ந்து போகிற மாதிரிதான் இருக்கும். அதனால் கண்டுகொள்ளவில்லை. இந்த வண்டியின் பெரிய சங்கடமே இது. சாதாரணமாகவே சூடு இருப்பதால் அசாதாரணச் சூடு தெரிவதில்லை. டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தபோது அது சிவப்பில் இருந்தது.

ஓரம்கட்டி, ஆறவிட்டு, பின்சீட்டுக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினேன். ஒன்றரை பாட்டில் குடித்தது.

முதல் பட்டறை வீட்டுக்குப் பக்கத்திலேயே. மேஸ்திரி சின்ன வயசு, கை வேகம். ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடித்திருந்தது, மாற்றினார். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் காட்டி, "இது நம்ம ஊரு வெயிலுக்கு வேணாம்ணா, குளிர் நாட்டுக்கு வெச்சது" என்று தூக்கிப் போட்டார். ஃபேன் தானாக ஓடவில்லை என்று கண்டுபிடித்து, சாவி போட்டாலே ஓடுகிற மாதிரி டைரக்ட் கொடுத்தார். மொத்தம் 1,150 ரூபாய். ரேடியேட்டரில் பட்டறை போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றி அனுப்பினார். வண்டி அதன்பிறகு நன்றாகவே ஓடியது. முள் பாதிக்குக்கூட வராது. கெட்டிக்காரர் என்று அண்ணனிடம் சொன்னேன்.

அந்த 1,150 ரூபாயில் மூன்று தப்பு நடந்திருக்கிறது. அடுத்த ஒரு வருஷம் முழுக்க நான் அதற்கு வட்டி கட்டினேன்.

தெர்மோஸ்டாட் குளிர் நாட்டுச் சமாசாரம் என்பது தமிழ்நாடு முழுக்கப் பட்டறைகளில் சொல்லப்படுகிற கதை. அது எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருந்து, பிறகு திறக்கிற கதவு. எந்த ஊர் வெயிலும் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் வராது. கதவைப் பிடுங்கினால் சமதளத்தில் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து எம்பிஎஃப்ஐ கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக விடும். லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 12-க்கு இறங்கியது. அதைவிட மோசம், முள் எப்போதும் தாழ்வாக இருப்பதால் ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்ற பொய் நம்பிக்கை. அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் ஒரு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஃபேன் ஏன் தானாக ஓடவில்லை என்று அவர் கேட்கவில்லை. ஓடவைத்தார். நிற்காமல் ஓடிய ஃபேன் மோட்டாரின் பிரஷ் தேய்ந்து, ஆகஸ்டில் நின்றுபோனது. புது மோட்டார், கூலி சேர்த்து 2,400. ஆனால் அது நின்ற அன்று நான் பள்ளிகொண்டா டோல்கேட் வரிசையில் இருந்தேன். முள்ளைப் பார்க்காமல் இன்னும் மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன்.

முதல் ஹெட்

செப்டம்பரில் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு நிமிஷம் மிஸ்ஸிங், எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். பின்னால் வெள்ளைப் புகை. பனிக்காலத்துப் புகை மாதிரி உடனே கரையாமல், ஈரமாக ஒரு வாடை. தண்ணீர் வாரம் ஒரு லிட்டர் குறைந்தது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் பால் டீ நிறத்தில் நுரை. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட், அதாவது எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழே உள்ள சிலிண்டர் பகுதிக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு, போயிற்று என்று அர்த்தம். தண்ணீர் வெளியே போகாமல் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் போகிறது.

இரண்டாவது பட்டறை பைபாஸ் ஓரம். அங்கே ஹெட் இறக்கினார்கள். கேஸ்கட் கிட் 1,400, லேத்தில் ஹெட்டின் அடிமுகத்தை மட்டமாகச் சீவுகிற ஃபேசிங் 900, இறக்கியதோடு டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 1,600, ஆயிலும் ஃபில்டரும் 1,300, கூலி 3,500. மொத்தம் 8,700. ஆம்னிக்கு இது நியாயமான தொகைதான். பெரிய வண்டியாக இருந்தால் இதைப் போல மூன்று நான்கு மடங்கு.

வேலையை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஹெட் போல்ட்டைக் கை பலத்தில் "இவ்ளோ போதும்" என்ற அளவுக்கு முறுக்கினார்கள். சரியான அளவுக்கு முறுக்க உதவுகிற டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத் தெரியவில்லை. ரேடியேட்டரை யாரும் தொடவில்லை. கடைசியில் மறுபடியும் ஹோஸில் வந்த போர் தண்ணீர்.

2024 ஜனவரியில் கிளட்ச் செட் மாற்றியது 5,400, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் இரண்டு 1,300. இதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை. எட்டு பேரை ஏற்றி முதல் கியரில் பாதி கிளட்ச் பிடித்து மேம்பாலம் ஏறுகிற ஊரில் கிளட்ச் தேயத்தான் செய்யும். கியர் மாற்றும்போது அடியில் "கடக்" என்று ஒரு சத்தம் வந்தால் கிராஸைப் பாருங்கள், பெரிதாகப் பயப்படாதீர்கள்.

ஏலகிரி

மே மாசம், பிள்ளைகளுக்கு லீவு. வாணியம்பாடி தாண்டிப் பொன்னேரியில் திரும்பினால் மலை. மேலே போக 14 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு புலவர் பெயர் எழுதிய பலகை. வண்டியில் ஒன்பது பேர், ஒரு பானை புளிசாதம். ஹைவேயில் முள் வழக்கம்போல் அடியில். மலையில் இரண்டாவது கியரை விட முடியவில்லை. பாதி வளைவுகூடத் தாண்டவில்லை, முள் விறுவிறுவென்று ஏறி, பிறகு திடீரென்று விழுந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சென்சாரைத் தொட்டுக்கொண்டிருக்கத் தண்ணீரே இல்லாததால் விழுந்திருக்கிறது. அடுத்த வளைவில் எஞ்சின் நின்றது.

ரெக்கவரி வண்டிக்கு 5,000. புளிசாதத்தைச் சாலையோரம் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஹைவேயில் வராத சூடு மலையில் வந்தது தற்செயல் இல்லை. ஹைவேயில் எதிர்க்காற்று ரேடியேட்டரின் குறையை மறைத்துவிடும். மலையில் வேகம் இருபது, சுமை முழுசு, எஞ்சின் சுற்று அதிகம், காற்று இல்லை. அங்கே ரேடியேட்டர் தன் சொந்தத் திறமையில் நின்றாக வேண்டும். அந்தத் திறமை எங்கள் ரேடியேட்டரிடம் இல்லை. பழைய வண்டியை ஹைவேயில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதில் உள்ள கோளாறு இது. வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே மலை இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம்.

பாய் பார்த்தது

மூன்றாவது பட்டறை கொணவட்டம் பக்கம். அங்கே பாய்க்கு அறுபது வயது தாண்டியிருக்கும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பில் ஃபைலைக் கேட்டார். அதுவரை எந்த மேஸ்திரியும் கேட்டதில்லை. புரட்டிவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இன்னா தண்ணி ஊத்துறீங்க?"

போர் தண்ணீர் என்றேன். வீட்டிலும் அதுதான், குழாயில் காவிரித் தண்ணீர் வருகிற அன்று குடிக்க மட்டும் பிடித்து வைப்போம்.

"உங்க வீட்டு இட்லிப் பானை அடியில வெள்ளையா படியுமே, அதான் இதுக்குள்ளயும் கீது."

ரேடியேட்டரைக் கழற்றி வெளியே வைத்து, ஒரு வாய்வழியாகத் தண்ணீர் விட்டார். இன்னொரு வாய்வழியாக அரை டம்ளர் வருவதற்குள் மேலே வழிந்தது. உள்ளே குழாய்கள் பலவும் அடைத்துக் கிடந்தன. ஓடுகிற எஞ்சினில் இதைக் கையாலேயே தெரிந்துகொள்ளலாமாம்: ரேடியேட்டர் முகத்தில் சில இடம் கொதிக்கும், சில இடம் ஜில்லென்று இருக்கும். ஜில்லென்ற இடத்தில் தண்ணீர் ஓடவில்லை.

பாலாற்றில் தண்ணீர் ஓடாத ஊர் இது, நிலத்தடி நீர்தான் கதி. அது உப்பும் சுண்ணாம்பும் நிறைந்தது. சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து குழாய்ச் சுவரில் ஓடு மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அந்த ஓடு செம்பு கடத்துகிற வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடத்தாது. ரேடியேட்டர் மட்டுமில்லை, ஃபேன் சுவிட்சின் முனையும் வெள்ளையாகப் பூத்திருந்தது. தண்ணீர் கொதித்தாலும் சுவிட்சுக்குச் சூடு தெரியாது; ஆகவே ஃபேனைப் போடாது. முதல் மேஸ்திரி கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. அன்றைக்கு அவர் சுவிட்சைக் கழற்றிப் பார்த்திருந்தால் முழுக் கதையும் அவர் கையிலேயே கிடைத்திருக்கும்.

மூடியின் ரப்பரும் செத்திருந்தது. மூடி என்றால் தண்ணீர் சிந்தாமல் இருக்க வைத்தது என்றே நான் நினைத்திருந்தேன். அதில் 0.9 என்று போட்டிருக்கும், அழுத்தக் கணக்கு. அந்த அழுத்தம் நின்றால் தண்ணீர் 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ரப்பர் போனால் 100-லேயே கொதித்து ஆவியாகிப் போகும். 180 ரூபாய் சாமான்.

பிறகு எஞ்சின். மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தார். முதலாவது பரவாயில்லை, இரண்டும் மூன்றும் சேர்ந்தே குறைவு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு பிளக் மட்டும் கழுவித் துடைத்தது போலப் பளிச்சென்று இருந்தது. அந்தச் சிலிண்டரில்தான் தண்ணீர் புகுந்து ஆவியாகியிருக்கிறது. ஹெட்டை இறக்கி, மட்டப்பட்டையை வைத்து இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தாளை நுழைத்தார். "0.05-க்கு மேல போனாலே ஃபேசிங் போவணும் தம்பி." 0.15 மில்லிமீட்டர் தாள் தாராளமாக நுழைந்தது. அலுமினிய ஹெட், இரண்டு முறை வெந்து வளைந்திருக்கிறது. லேத்தில் காற்றழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்த்ததில் வால்வு சீட் ஓரம் குமிழி வந்தது. விரிசல்.

புது ஹெட் விலை வண்டிக்குக் கட்டுப்படியாகாது. பாய் சென்னை புதுப்பேட்டையில் சொல்லி வைத்து, பழைய ஹெட் ஒன்று 6,000 ரூபாய்க்கு வந்தது. அதை டெஸ்ட் பண்ணி, வால்வு கிரைண்டிங் செய்ய 1,200. முழு கேஸ்கட் செட் 1,800, வாட்டர் பம்ப் 1,450, புது ரேடியேட்டர் 3,900, தெர்மோஸ்டாட் 450, ஃபேன் சுவிட்ச் 350, மூடி 180, ஹோஸ்கள் 900, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 750. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்ததால் ஒருமுறை ஊற்றி ஓடவிட்டு வடித்து, மறுபடி ஊற்றினார், அது 2,400. கூலி 6,000. ஆக 25,380.

ஃபேனின் டைரக்ட் ஒயரைத் தானே வெட்டி எடுத்து என் கையில் கொடுத்தார். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் சொடுக்கும்வரை முறுக்கினார். இந்தமுறை எதற்கு என்று கேட்டேன். ஓரத்தில் முதலில் இறுக்கினால் நடுவில் தூக்கிக்கொள்ளும், தூக்கிய இடத்தில் மறுபடி எரியும் என்றார்.

கணக்கு

சூடு சம்பந்தமான செலவுகளை மட்டும் பிரித்தேன்: முதல் பட்டறை 1,150, ஃபேன் மோட்டார் 2,400, முதல் ஹெட் 8,700, ரெக்கவரி 5,000, பாய் வேலை 25,380. மொத்தம் 42,630. முதல் மேயிலேயே ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், சுவிட்ச், மூடி, ஹோஸ், கூலன்ட் ஆகியவற்றை மாற்றியிருந்தால், 1,500 கூலி சேர்த்தும் 8,030-இல் முடிந்திருக்கும். வித்தியாசம் 34,600. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு.

முதல் மேஸ்திரியை நான் திட்டவில்லை. நானும் அவரிடம் போய் "ஏன் சூடாகுது?" என்று கேட்கவில்லை, "சாயந்திரத்துக்குள்ள சரிபண்ணிக் கொடுங்க" என்றுதான் கேட்டேன். கேட்டதைக் கொடுத்தார். ஹெட் வேலையில் டார்க் ரெஞ்சை எடுக்காதவர்மீது மட்டும் இன்னும் கோபம் போகவில்லை.

சூட்டுக்கு வெளியே உள்ளவை 50,900. முதல் வார வேலையும் கிளட்ச்சும் கிராஸும் மேலே சொன்னவை. 2024 கடைசியில் முன்பக்க ஸ்ட்ரட் இரண்டு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், அலைன்மென்ட் 6,400. பின்பக்கக் கமான் பட்டை புஷ் 1,200. பின் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் 4,300. இவை ஒவ்வொரு பழைய ஆம்னியிலும் வரிசையாக வரும். ஸ்டியரிங் ஒருபக்கம் இழுப்பதும், பள்ளத்தில் "டொக்" என்பதும், பிரேக் பெடல் மெல்ல உள்ளே இறங்குவதும் அறிகுறிகள். பிரேக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பக்கவாட்டுக் கதவின் ரோலர் தேய்ந்து கதவு தொங்குவதும் வழக்கம். எங்களுடையதை அண்ணன் கிரீஸ் வைத்தே சமாளிக்கிறார்.

பெரிய தொகை துரு. 2025-இல் பதினைந்து வருஷம் முடிவதால் ஆர்சி புதுப்பிக்க வேண்டும், வண்டியைக் காட்ட வேண்டும். மிதியடியைத் தூக்கினால் தரைத் தகட்டில் ஒரு இடத்தில் ரோடு தெரிந்தது. டிங்கரிங், தகடு ஒட்டு, பெயின்ட் 14,000. பழைய வேன் பார்க்கும்போது மிதியடியைத் தூக்குங்கள், பின்சக்கரத்து உள்வளைவில் விரலால் தட்டுங்கள். மேலே பூசிய பெயின்ட் புதுசாக இருந்தால் இன்னும் பலமாகத் தட்டுங்கள்.

ஆர்சி புதுப்பிக்கும் கட்டணத்தை நான் மேலே சேர்க்கவில்லை. சொந்த உபயோகக் காருக்கு அது 600 ரூபாயாக இருந்து 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆனது. பசுமை வரி தனி. இந்தப் புதுப்பித்தல் ஐந்து வருஷத்துக்குத்தான். பதினான்கு வருஷ வண்டியை யாராவது மலிவாகக் கொடுத்தால், மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு விஷயம் செலவாகாமல் தப்பித்தேன். விலை பேசிய இன்னொரு ஆம்னியில் கேஸ் கிட் இருந்தது, ஆர்சியில் பெட்ரோல் என்று மட்டும் போட்டிருந்தது. வீட்டு சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றி ஓட்டுகிற வண்டிகள் இந்தப் பக்கத்திலும் உண்டு. சீட்டுக்கு அடியில் எஞ்சின், பின்சீட்டுக்குப் பின்னால் பதிவில்லாத கேஸ், நடுவில் பிள்ளைகள். அம்மா அந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. இன்னொன்று பெட்ரோல் ஹோஸ். இப்போது பங்கில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2010 ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஊறி உப்பும், பிறகு வெடிக்கும். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிற வண்டியில் அங்கே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பாய் ஹெட் வேலையோடு அதையும் மாற்றி, காசு வாங்கவில்லை.

இப்போது

போன மேயில் ஏலகிரி போய் வந்தோம். முள் பாதியில் நின்றது, மலையிலும் சமதளத்திலும் அதே இடம். மூன்று வளைவுக்கு ஒருமுறை ஃபேன் ஓடி நிற்கிற சத்தம் கேட்டது. மைலேஜ் மறுபடி 15-க்குப் பக்கம். பாட்டில்கள் இன்னும் பின்சீட்டுக்கு அடியில்தான், ஒன்றில் கூலன்ட் கலந்தது, ஒன்றில் குடிக்கிற தண்ணீர். எது எது என்று அண்ணி ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு குறை மட்டும் பாக்கி. அறுபதைத் தாண்டினால் பின் ஹவுசிங்கிலிருந்து ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். பின் அச்சைச் சுற்றுகிற பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியன் தேய்ந்திருக்கிறது, மாற்றினால் இன்னொரு ஐந்தாறாயிரம். ஆயில் மாற்றிப் பார்த்தோம், கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. என்ன பண்ணலாம் என்று பாயிடம் கேட்டேன்.

"அறுபதுக்கு மேல போவாதீங்க" என்றார்.